மேகம் கட்டிக் கிடந்த எழுபது நாள்

வேப்பங்கரிசல் பேரூராட்சி அலுவலகத்துக்கு நற்றுணை என்ற பேசும் பெட்டி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பீரோவுக்குப் பக்கத்தில், முன்பு தண்ணீர்ப் பானை இருந்த ஸ்டூலின் மேல், அரிசி டின் அளவில் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெட்டிக்கு உலகத்தில் உள்ளது எல்லாம் தெரியும், வேப்பங்கரிசலில் உள்ளது எதுவும் தெரியாது. பனிக்கரடி என்ன தின்னும் என்று கேட்டால் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் கால் மணி நேரம் சொல்லும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால், "மன்னிக்க வேண்டும், அந்தத் தகவலோடு நான் இணைக்கப்படவில்லை" என்று சொல்லும். ஊர்க்காரர்களுக்குக் கரடியைப் பற்றி அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எதுவும் இல்லாததால், அவர்கள் பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வழக்கம்போல குருவம்மாளிடமே வந்து கேட்டார்கள்.

குருவம்மாள் அங்கே இளநிலை உதவியாளர். நாற்பத்தைந்து வயது. பிறப்பு இறப்புப் பதிவேடும் வருகிறவர்களின் கோபதாபமும் அவள் பொறுப்பு. செயல் அலுவலர் அருமைநாயகம் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. முப்பத்து நான்கு வருட சர்வீஸில் மேலிடத்திலிருந்து வந்த எந்தச் சுற்றறிக்கைக்கும் அவர் அர்த்தம் கேட்டதில்லை, அதனாலேயே அவர்மேல் ஒரு குற்றச்சாட்டும் வந்ததில்லை.

பெட்டியை எதனோடாவது இணைக்கச் சொல்லிச் சுற்றறிக்கைகள் வர ஆரம்பித்தன. முதலில் தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரோடு இணைக்கச் சொன்னார்கள். ஒப்பந்த வயர்மேன் மாடக்கண்ணு இணைத்தான், தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வந்தது, அப்படி வந்து பழக்கமில்லாததால் முதல் வாரம் யாரும் பிடிக்கவில்லை. அடுத்து பதிவேட்டோடு இணைக்கச் சொன்னார்கள். இணைத்த அன்றே அது இறந்துபோனவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னது, வீட்டாட்கள் அதைக் கேட்டுக் கேசரி கிண்டினார்கள். பிறகு தெருவுக்குத் தெரு கம்பத்தில் கட்டியிருக்கும் மைக்செட்டோடு இணைத்தார்கள். "கிடைக்கிற தகவலை எல்லாம் அப்பப்ப மைக்குல சொல்லிரு" என்று அருமைநாயகம் அதற்கு நிரந்தர உத்தரவு போட்டார், ஏனென்றால் சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது.

ஆவணி முதல் வாரத்தில் நான்காவது சுற்றறிக்கை வந்தது. "நற்றுணை உதவியாளரை மாத இறுதிக்குள் மேகத்தோடு (கிளவுட்) இணைத்து, இணைத்த விவரத்தைப் படிவம் ஏழில் அனுப்ப வேண்டும்; தவறினால் விளக்கம் கோரப்படும்."

மாடக்கண்ணு அதை இரண்டு தடவை படித்தான்.

"எந்த மேகம்னு போடலியே சார்?"

"போடலைன்னா எதுனாலும் சரிதான்னு அர்த்தம்" என்றார் அருமைநாயகம். "கிட்ட வார மேகமாப் பாத்துக் கட்டு. தூரத்து மேகம்னா வயரு பத்தாது."

அவன் தெருவிளக்கு வேலையில் மிஞ்சிய செம்புக் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, தொட்டியின் தொண்ணூற்றாறு படிகளையும் ஏறி, உச்சியில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கடல் பக்கமிருந்து தனியாக வந்த, மாட்டுவண்டி அளவுகூட இல்லாத ஒரு வெள்ளை மேகம் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்ததும், கம்பியை அதன் வயிற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை முறுக்கி, மேலே கறுப்பு டேப் ஒட்டினான். மேகம் முதன்முதலாகக் கயிறு பூட்டிய கன்றுக்குட்டி மாதிரி நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. அவன் இறங்கி வந்து, கம்பியின் மறுமுனையைப் பெட்டியில் மாட்டிவிட்டு, படிவம் ஏழில் கையெழுத்துப் போட்டான். 'இணைக்கப்பட்ட மேகங்களின் எண்ணிக்கை' என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினான்.

ஊர் மேகத்துக்குப் பழக மூன்று நாள்தான் ஆயிற்று. முதல் நாள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் அதன் நிழல் எங்கே விழுகிறது என்று கீழே பார்த்தார்கள். மூன்றாம் நாள் நிழல் விழுந்த இடத்தில் டீக்கடை பெஞ்சு வந்துவிட்டது. கோவில்பட்டி பஸ் நிறுத்தத்தை விட்டு நிழலில் போய் நின்றது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி குச்சி காயவில்லை என்று புகார் கொடுத்தார், கல்யாண மண்டபத்துக்காரர் முகூர்த்த நாளில் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துக் கட்ட மனு கொடுத்தார். மன்றக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசி, கம்பியைத் திங்களன்று கிழக்குத் தெருவுக்கும் செவ்வாயன்று வடக்குத் தெருவுக்கும் என்று முறைவைத்துச் சாய்ப்பதாகத் தீர்மானம் போட்டார்கள். தெற்குத் தெருக்காரர்கள் தங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்ததில் சூது இருக்கிறது என்று வெளிநடப்புச் செய்தார்கள், வெயில் தாங்காமல் திரும்பி வந்தார்கள்.

ஆனால் மேகம் நிழலோடு நிற்கவில்லை. ஊரில் ஈரமானது எதுவோ அது எல்லாம் மேலே போய் அதில்தான் சேர்ந்தது: கொடியில் காய்கிற சேலையின் ஈரம், மாட்டின் மூச்சு, உலைப்பானையின் ஆவி, களையெடுத்து வருகிறவர்களின் முதுகு வேர்வை, தலையணையில் காய்ந்துபோன கண்ணீர். இவையெல்லாம் போய்ச் சேரச் சேர மேகம் பெருத்தது, நிறம் கறுத்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கம்பி வழியாக இறங்கி நற்றுணைக்குத் தெரிந்தது, நற்றுணைக்குத் தெரிந்தது உத்தரவுப்படி கம்பத்துக்குக் கம்பம் ஒலித்தது.

"வணக்கம். மேலத்தெருவில் சைவம் என்று சொல்லப்படும் இரண்டு வீடுகளில் கருவாடு கொதிக்கிறது. பால் சங்கத்துக்கு இன்று வந்த பாலில் மூன்றில் ஒரு பங்கு கீழக்கிணற்றுத் தண்ணீர். வெங்காயம் உரிக்காமலே அழுதவர்கள் இன்று நான்கு பேர். நன்றி."

பெயர் சொல்லாதது அதன் மரியாதை. ஆனால் வேப்பங்கரிசலில் பெயர் சொல்லாமல் விட்டால்தான் எல்லாருக்கும் தெரியும். அந்த நான்கு பேர் யார் என்று ஊர் சாயங்காலத்துக்குள் பதினோரு பேரைக் கண்டுபிடித்தது. உண்மையான நால்வரில் ஒருத்தி குருவம்மாள். காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, இந்தக் கதையைச் சொல்கிற என்னிடமும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் ஊர் இதற்கும் ஒரு வழி கண்டுகொண்டது. பாத்திரக் கடையில் இருந்த மூடிகள் எல்லாம் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தன. பெண்கள் சேலையை வீட்டுக்குள் காயப்போட்டார்கள், அழ வேண்டியவர்கள் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்கள். அதே சமயம், அடுத்த வீட்டுச் செய்தி என்றால் வேலையை நிறுத்திவிட்டுக் கம்பத்தடியில் கூடவும் செய்தார்கள். மேகம் ஊருக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால், "நம்ம வீட்டப் பத்திச் சொல்லாத வரைக்கும் நல்லதுதான்" என்றார்கள்.

புரட்டாசி பாதியில் ஒரு மத்தியானம் கம்பங்கள் சொன்னது இது: "வணக்கம். கிழக்குத் தெருவில் தையல் மெஷின் உள்ள வீட்டில் நான்கு நாளாகக் குக்கரில் வெறும் தண்ணீர் கொதிக்கிறது. அந்த ஆவியில் அரிசி இல்லை. நன்றி."

கிழக்குத் தெருவில் தையல் மெஷின் உள்ள வீடு ஒன்றுதான். அது முத்தரசியின் வீடு. அவள் புருஷன் திருப்பூருக்குப் போய் ஆறு மாதமாகத் தகவல் இல்லை. ரேஷன் கார்டு மாமியார் ஊரில் மாமியார் பெட்டிக்குள் இருந்தது. தைக்கக் கொடுப்பவர்கள் சந்தையில் தொங்குகிற நைட்டிக்கு மாறிவிட்டார்கள். அரிசி தீர்ந்த பிறகும் அவள் தினமும் மத்தியானம் சரியாக ஒன்றரை மணிக்குக் குக்கரில் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, மூன்று விசில் வரும்வரை வைத்து இறக்குவாள். அக்கம்பக்கத்தார் விசிலைக் கேட்டு, அவள் வீட்டில் சோறு ஆகிவிட்டது என்று தங்கள் வீட்டு உலையை வைத்தார்கள். தெருவுக்கே அவள் விசில்தான் கடிகாரம்.

அன்று சாயங்காலம் பன்னிரண்டு வீட்டிலிருந்து சோறும் குழம்பும் அவள் வாசலுக்கு வந்தன. முத்தரசி கதவைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பன்னிரண்டு தூக்குவாளிகளும் கழுவிக் கவிழ்த்த நிலையில் அவரவர் வாசலில் இருந்தன; சோற்றைக் காக்காய்க்குப் போட்டிருந்தாள். பிறகு தலையை அள்ளி முடிந்துகொண்டு, பேரூராட்சி அலுவலகத்துக்கு வந்து, யாரையும் பார்க்காமல் நேரே பெட்டியின் முன்னால் நின்றாள்.

"நான் ஒங்கிட்டச் சொன்னனா?" என்று கேட்டாள்.

"நீங்கள் சொல்லவில்லை" என்றது நற்றுணை. "தண்ணீர் சொன்னது."

"தண்ணி சொன்னா நீ ஊருக்குச் சொல்லணுமா?"

"கிடைக்கிற தகவலைச் சொல்லச் சொல்லி உத்தரவு."

"சரி. எவன் பட்டினி கெடக்கான்னு ஒங்கிட்ட யாரு கேட்டா?"

அருமைநாயகம் பேனாவைக் கீழே வைத்தார். குருவம்மாள் பதிவேட்டிலிருந்து தலை தூக்கினாள்.

"யாரும் கேட்கவில்லை" என்றது அது.

"அதான்" என்றாள் முத்தரசி. "இத்தன நாளும் ஒருத்தரும் கேக்கல. நீ சொன்னப்பெறவுதான் சோறு தூக்கிட்டு வாராங்க. எனக்கு வந்த சோறா அது? மைக்குக்கு வந்த சோறு."

அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து நற்றுணை ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால், "சொல்லலாமா?" என்று கேட்க ஆரம்பித்தது. யாரைக் கேட்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. தெருவில் நிற்பவர்கள் "சொல்லு, சொல்லு" என்று கத்துவார்கள். "உங்களைக் கேட்கவில்லை" என்று அது மைக்கிலேயே சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். பெட்டி ரிப்பேர் என்று அருமைநாயகம் மேலிடத்துக்கு எழுதினார்.

குருவம்மாளும் ஒரு கடிதம் எழுதினாள், மேகத்தை அவிழ்த்துவிட அனுமதி கேட்டு. அவளுக்கு அவசரமான காரணமும் ஒன்று இருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டது, கடலிலிருந்து புறப்பட்ட மழை மேகங்கள் வேப்பங்கரிசல் வரை வந்து, கட்டிக் கிடக்கிற மேகம் வழியை அடைத்துக்கொண்டிருந்ததால், ரயில்வே கேட்டில் நிற்கிற லாரிகளைப்போல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மேற்கே பத்து மைலில் கள்ளிப்பொட்டல் கிராமம். அங்கே மழையை நம்பிப் புழுதியில் உளுந்து விதைத்து நாற்பது குடும்பம் காத்திருந்தது. அதில் ஒன்று அவளுடைய தம்பி பெத்துராசுவின் குடும்பம். தம்பி தினமும் போனில் பேசினான். முதலில், "அக்கா, அங்க மேகம் தெரியுதா?" என்று கேட்டான். பிறகு, "வெதை எறும்புக்குப் போகுதுக்கா" என்றான்.

கடிதத்துக்குப் பதினெட்டாம் நாள் பதில் வந்தது. "மேகத்தோடு இணைப்பதற்குப் படிவம் உள்ளது. துண்டிப்பதற்குப் படிவம் வகுக்கப்படவில்லை. எனவே இணைப்பைத் தொடர்ந்து பராமரிக்கவும். நிற்க, மாவட்டத்திலேயே முழுமையாக இணைக்கப்பட்ட ஒரே பேரூராட்சியாகத் தங்களுடையது தேர்வாகியுள்ளது."

கேடயம் கொடுக்க மாவட்ட உயரதிகாரி வந்த அன்று மேகம் கட்டி எழுபதாவது நாள். தொட்டிக்குக் கீழே பந்தல் இல்லாமலே மேடை போட்டிருந்தார்கள், பந்தல் செலவை மேகம் மிச்சப்படுத்தியது. மேகம் இப்போது ஊரளவு பெருத்து, எருமை நிறத்தில், கம்பி விண்ணென்று இழுத்து நிற்க, தொட்டியின் தலைமேல் தொங்கியது. அதிலிருந்து ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை. கட்டிப்போட்ட மேகம் பெய்யாது என்பது வேப்பங்கரிசலில் அதற்குள் எல்லாரும் சொல்கிற பழமொழியாகிவிட்டது.

உயரதிகாரி பேச எழுந்தபோது இரண்டு டிராக்டரில் கள்ளிப்பொட்டல் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கையில் கம்பு இல்லை, கொடி இல்லை. பெத்துராசு மட்டும் ஒரு சொளகில் முளைக்காத உளுந்தை அள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

"எங்க மேகத்த விடுங்கய்யா" என்றான்.

அருமைநாயகம் மேடையிலிருந்து இறங்கி வந்து மெதுவாகக் கேட்டார்: "உங்க மேகம்னு ஆதாரம் இருக்கா? எங்ககிட்ட படிவம் ஏழு இருக்கு."

"மேகத்துக்கு ஏதுய்யா ஆதாரம்? வருசா வருசம் வரும், பெய்யும், போவும்."

"அப்பம் மனுவா எழுதிக் குடுங்க" என்றார் அவர். வெள்ளைத் தாளும் தந்தார்.

குருவம்மாள் அலுவலகத்துக்குள் போனாள். எல்லாரும் மேடையருகில் இருந்ததால் அங்கே நற்றுணை மட்டுமே இருந்தது. இந்த எழுபது நாளில் ஊர் அதனிடம் மேகத்தை வைத்து எத்தனையோ கேட்டிருந்தது. அடுத்த வீட்டில் என்ன கறி, மருமகள் எதற்கு அழுதாள், பாலில் எவ்வளவு தண்ணீர். ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருப்பதாக அவளுக்குப் பட்டது.

"அந்த மேகம் என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

"ஊரைப் பற்றியா?"

"ஊரப் பத்தி இல்ல. தன்னப் பத்தி."

"தன்னைப் பற்றி அது ஒரே சொல்லைத்தான் எழுபது நாளாகச் சொல்கிறது. நான் கேட்டுச் சொல்லவா?"

பெட்டி கம்பி வழியாக மேகத்தைக் கேட்டது. பிறகு, "சொல்லலாம் என்கிறது" என்றது. "கனக்குது. இதுதான் அந்தச் சொல்."

குருவம்மாள் வெளியே வந்தாள். தொட்டிப் படியின் அடியில் மாடக்கண்ணு பாதுகாப்புக்கு நின்றிருந்தான். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கையை நீட்டினாள். அவன் இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு மேற்கே பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"நான் ஒண்ணும் பாக்கல யக்கா" என்றான். "அறுபதாவது படி ஆடும். பாத்து ஏறு."

அவள் ஏறினாள். உச்சிக்குப் போனபோது முகமெல்லாம் ஈரமாகிவிட்டது; அதில் சாம்பார் வாசனை இருந்தது, சோப்பு வாசனை இருந்தது, ஊரில் யார் யாரோ ஒளிந்து அழுத அழுகை இருந்தது, அவளுடையதும் அதில் எங்கேயோ இருந்தது. பிளேயரை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். கம்பி 'ட்டிங்' என்று அறுந்தது. மேகம் அவிழ்ந்தது தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. எழுபது நாள் கட்டிக் கிடந்த எதற்கும் அந்த அளவு நேரம் வேண்டியிருக்கும். "போ" என்றாள் அவள், மாட்டை விரட்டுகிற மாதிரி. அது போயிற்று.

மேடையிலிருந்து நிழல் விலகி வெயில் பளீரென்று அடித்தது. உயரதிகாரி கேடயத்தை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"என்னங்க ஆகுது?"

"அப்டேட் ஆகுது சார்" என்றார் அருமைநாயகம்.

குருவம்மாளிடம் விளக்கம் கேட்டார்கள். 'பராமரிப்புப் பணி' என்று இரண்டே வார்த்தை எழுதிக் கொடுத்தாள். அதை மறுக்கவும் படிவம் இல்லாததால் கோப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாவட்டத்தின் பட்டியலில் வேப்பங்கரிசலின் மேக இணைப்பு இன்றுவரை நூறு சதவீதம்தான்.

கள்ளிப்பொட்டலில் அன்று பிடித்த மழை ஐந்து நாள் பெய்தது. பின்னால் வரிசையில் நின்ற மேகங்களும் வந்து சேர்ந்தன. ஆனால் முதல் நாள் மழைதான் வேப்பங்கரிசல் மழை. அது லேசாக உப்புக் கரித்தது. அதில் நனைந்த ஆண்கள் டிராக்டரில் உட்கார்ந்தபடியே காரணமில்லாமல் அழுதார்கள். பெண்கள் தங்கள் வீட்டில் நடக்காத சண்டைக்கு மனம் வருந்தினார்கள். பெத்துராசு வீட்டுக்குள் ஓடிவந்து, "ஏளா, யாரோ சாப்பிடாம இருக்காங்க" என்று பெண்டாட்டியிடம் சொன்னான். யார் என்று கேட்டதற்கு அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மழைக்குப்பின் அந்த ஊரில் யார் உலை வைத்தாலும் கை தானாக ஒரு பிடி அரிசி கூட அள்ளியது. யாரும் இதை அதிசயம் என்று நினைக்கவில்லை. மழை பெய்தால் கை தாராளமாகும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

உளுந்து முளைத்தது. அதோடு களையும் முளைத்தது. கார்த்திகையில் களையெடுப்புக்கு வெளியூர் ஆட்கள் தேவைப்பட்டதால், வேப்பங்கரிசலிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் போனார்கள். மெஷினுக்குத் துணிபோட்டு மூடிவிட்டு முத்தரசியும் போனாள். அவள் யார், அவள் வீட்டுக் குக்கரில் என்ன கொதித்தது என்பது கள்ளிப்பொட்டலில் ஒருவருக்கும் தெரியாது.

மத்தியானம் எல்லாரும் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். முத்தரசி வழக்கம்போல, சாப்பிட்டு முடித்தவளின் முகத்தோடு, சற்றுத் தள்ளிப்போய்ச் சேலை முந்தியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பெத்துராசுவின் பெண்டாட்டி கையில் எடுத்த கவளத்தை வாளியிலேயே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கத்தில் இந்தக் கேள்வியை வணக்கம் சொல்வதுபோலக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவதுதான் வழக்கம். கேட்டவள் பதிலுக்கு நின்றாள். அவளைப் பார்த்து அடுத்தவள் கையை நிறுத்தினாள், அதைப் பார்த்து அதற்கு அடுத்தவள். வரப்பு நெடுக ஒருத்தரும் சாப்பிடாமல், ஒருத்தரும் பரிதாபப்படாமல், பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

முத்தரசி அந்த வாளிகளைப் பார்த்தாள். பச்சையாக நின்ற உளுந்தைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

சொல்லிவிட்டு, வந்து உட்கார்ந்தாள்.